முற்றத்தில் ஒரு விமான நிலையம்

திருச்சி விமான நிலையத்தின் மலசலகூடக் கதவு உள்ளே தள்ளுகிற கதவா, வெளியே இழுக்கிற கதவா? உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் அது தெரியாமற் போனதற்காக என் சொந்தக் கடை வாசலில் வைத்து, சேலை பார்க்க வந்த சனத்துக்கு முன்னால், நான் நல்லாகப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

"அப்ப நீர் அங்கை உள்ளுக்குப் போகவே இல்லையோ?"

"போனனான் அக்கா."

"போனனீர் எண்டால் கதவைத் திறந்துதானே போயிருப்பீர்?"

"ஓம்."

"தள்ளினனீரோ, இழுத்தனீரோ?"

"அக்கா, அவசரத்திலை போற மனிசன் உதெல்லாம் பாத்துக்கொண்டு நிக்கேலுமே?"

"சரி, அடுத்தமுறை ஆறுதலாய்ப் போம்," என்று சொல்லிவிட்டு, விரிக்காத குடையை ஊன்றிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். கடைக்குள் நின்ற பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், ஏன் சொன்னனீர், ஆரைக் கேட்டுச் சொன்னனீர் என்று கேட்க, நான் இப்போது கடை வைத்திருக்கிற யாழ்ப்பாண நகரத்துக்கே பஸ் ஏறி வந்துவிடுவார். அக்கா என்றே இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக்கு அருகே வேலணைத் தீவில், சரவணை என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவர் வீடு. எனக்கு அப்போது வேலணையில் ஒரு சின்னப் புடவைக்கடை. திருச்சிக்குப் போய் நானே பார்த்துச் சேலை, சட்டைத்துணி எல்லாம் எடுத்து வருவேன். அந்த நாட்களில் கொழும்புக்குப் போய் அங்கேயிருந்துதான் விமானம் ஏற வேண்டும். போய் வந்து களைத்து விழுந்து கிடக்கிறவனிடம் ஊர்ச்சனம் என்ன கேட்கும்? புதுச் சேலை என்ன வந்திருக்கு, சீரங்கம் போனனீரோ, என்ன சாப்பிட்டனீர் என்று கேட்கும். இந்த அக்கா அப்படி எதையும் கேட்டதில்லை. சீரங்கத்துப் பெருமாளே எழும்பி நடந்தாலும் அவருக்கு அக்கறையில்லை. விமானத்தால் இறங்கிய இடத்திலிருந்து வெளிவாசல் வரைக்கும்தான் அவருடைய திருச்சி.

தரை வழுக்குமோ? படி எங்கே முடியுது, சரிவு எங்கே தொடங்குது? பெட்டி சுத்தி வாற இடத்திலை சத்தம் கூடவோ? குளிர் எந்தப் பக்கத்தாலை அடிக்குது? வரிசையிலை நிக்கேக்கை பக்கத்திலை பிடிக்கக் கம்பியோ, நாடாவோ? நாடா எண்டால் சாஞ்சால் தாங்குமோ?

"ஏன் அக்கா, வாங்கப்போறியளோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வித்தால் சொல்லும்," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் மட்டும்தான் அகப்பட்டேன் என்று நினைக்கவேண்டாம். மண்கும்பானில் ஒரு ஆசிரியை, தங்கையின் கலியாணத்துக்குத் திருச்சி போய் வந்தவர், அக்காவைக் கண்டால் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாராம். இறுப்பிட்டியில் ஒரு செத்தவீடு. பிணம் கிடக்கிறது, பறை அடிக்கிறது, சனம் குழறி அழுகிறது. லண்டனிலிருந்து திருச்சி வழியாக வந்திறங்கிய செத்தவரின் மருமகனுக்குப் பக்கத்தில் அக்கா போய்க் குந்திவிட்டார். முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு மெல்லக் குனிந்து, "தம்பி, குடிவரவு மேசை உம்மடை நெஞ்சளவு உயரமோ, இடுப்பளவோ?" என்று கேட்டார். அந்தப் பெடியன் அழுகையை நிறுத்திவிட்டு, பாவம், யோசித்து, "நெஞ்சளவு அன்ரி," என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு அழுகை சரியாக வரவில்லை என்று என் மனைவி சத்தியம் பண்ணுகிறாள். அவள் பக்கத்தில் இருந்தவள்.

"அட கோதாரி, உந்த மனிசிக்கு என்ன விசரோ?" என்று நான் வீட்டில் கத்தியிருக்கிறேன்.

விசர் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வீதியில். அக்காவும் அவருடைய கணவரும் எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணை ஒரு காலத்தில் தெற்கே ஒரு ஊரில் பெரிய கடை நடத்தியவர். நெடுத்த மனிதர். தலை நிமிர்த்தித்தான் நடப்பார். கண்ணுக்குள் பிறஷர் கூடி அவருக்குப் பார்வை மங்கிப் போய்விட்டது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவரை யாரும் கையில் பிடித்துக் கூட்டிப்போனதை நான் கண்டதில்லை. ஊன்ற ஒரு பொல்லும் இல்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ராசா மாதிரி நடப்பார். அதனால் அவருக்குக் கொஞ்சம் தெரியும் போல என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

பின்னால் போன என் காதில் அக்காவின் பேச்சு விழுந்தது.

"உந்தச் சைக்கிளை ஆர் வலப்பக்கத்திலை விட்டது?" அண்ணை இடப்பக்கம் ஒதுங்கினார்.

"மழைக்கு இஞ்சை கிடங்கு விழுந்திட்டுது, ஆரும் மூடமாட்டினமோ?" அண்ணை காலை எட்டி வைத்தார்.

"வாசல்படியை எப்ப ரைல்ஸ் பதிச்சவை?" அண்ணை நின்று, செருப்பைக் கழற்றி, படியில் வடிவாகக் கால் வைத்து ஏறினார்.

நான் வீதியில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த மனிதருக்குத் துண்டாகக் கண் தெரியாது. அக்கா அவரைக் கேள்வியால் கூட்டிக்கொண்டு போகிறார். "இஞ்சாருங்கோ, பள்ளம்" என்று சொன்னால் அது வழிகாட்டுவது. "ஆரும் மூடமாட்டினமோ?" என்று கேட்டால் அது ஊர்வம்பு. ஊர்வம்பில் அண்ணைக்கு ஒரு குறையும் இல்லை. எத்தனை வருடமாக அந்த மனிசியை வாயாடி என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது! நானும்தான் சொன்னேன்.

அடுத்த நாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். புதினம் அறிகிற ஆசைதான், வேறொன்றுமில்லை. அண்ணைக்குக் கண் தெரியாது என்றால் இந்தத் திருச்சிக் கேள்வியெல்லாம் எதற்கு என்று நேரே கேட்டேன். குசினி வாசலில் அகப்பையோடு நின்று அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மற்றவர் கேள்வி கேட்பது அவருக்குப் பழக்கமில்லை.

உள்ளேயிருந்து அண்ணை சொன்னார், "அவருக்குச் சொல்லும். அவர்தானே போய் வாற ஆள்."

அவர்களுக்கு ஒரே ஒரு மகன். பிரான்சில் இருக்கிறான். மீசை அரும்புகிற வயதில் போனவன். அகதி வழக்கு வருடக்கணக்காக இழுத்து, கடைசியில் வென்று, பயணப் பத்திரமும் கிடைத்துவிட்டது. எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. எங்கள் தீவுகளில் எத்தனையோ குடும்பத்துக்கு இதுதான் விதி. பிள்ளை ஊருக்கு வர ஏலாது. தாய் தகப்பன் தமிழ்நாட்டுக்குப் போவார்கள், பிள்ளையும் அங்கே வரும். திருச்சியில் ஒரு வீடு எடுத்து, ஒரு மாதம் சமைத்துப் போட்டு, அழுது, பிரிந்து வருவார்கள்.

"அப்ப போறதுதானே அக்கா? இதிலை என்ன கஷ்டம்?"

"அவனுக்குத் தெரியாது," என்றார் அக்கா.

தகப்பனுக்குக் கண் போனது மகனுக்குத் தெரியாது! வழக்கு நடக்கும்போது சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பான், வந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ, என்று பயந்து மறைத்தார்கள். பிறகு மறைத்ததே பழகிவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்குக் கண்ணில் பூ விழுந்து வெட்டினது என்று ஒரு கதை. வீடியோவில் கதைக்கும்போது அக்கா போனைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் ஒரு விரலால் அண்ணையின் நாடியைத் தொட்டு முகத்தைப் போன் பக்கம் திருப்பி வைப்பார். மகன் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டினால், "முகம் உங்களை மாதிரி எல்லே?" என்று அக்கா கேட்பார். "ஓம், என்னை மாதிரித்தான்," என்பார் அண்ணை.

"சொல்லத்தான் வேணும்," என்றார் அண்ணை. "நானே சொல்லுவன். ஆனால் என்னை ஆரும் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் அவன்ரை முன்னாலை விடக்கூடாது. நான் என்ரை காலாலை நடந்துபோய் அவனுக்கு முன்னாலை நிக்கோணும். பிள்ளை என்னைக் கடைசியாய் நேரிலை பாத்தது நான் கடைக் கல்லாவிலை இருக்கேக்கை. அதுக்குப் பிறகு முதல் பாக்கிறது இப்பிடியாய் இருக்கக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது அண்ணை," என்றேன்.

அக்கா உடனே, "அப்ப உந்தக் கதவைத் தள்ளிறதோ, இழுக்கிறதோ?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் பின்முற்றத்தைக் காட்டினார். கிணற்றடிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் இடையில் திருச்சி விமான நிலையம் கிடந்தது. பனைமட்டை நட்டுக் கயிறு கட்டியது வரிசைக் கம்பி. சீமெந்துப் பையைப் பிரித்து விரித்தது கம்பளம். கவிழ்த்துப் போட்ட உரல், பெட்டி சுத்துகிற இடம். மாமரத்துக்குக் கீழே, பின்னிய தென்னோலைக் கிடுகு சாத்திவைத்தது வெளிக்கதவு. ஒரு பழைய மேசை நெஞ்சளவு உயரத்துக்குக் கல்லில் ஏற்றி வைத்திருந்தது. அதன் காலில் ஆடு கட்டியிருந்தது.

"இதார் அக்கா?"

"குடிவரவு அதிகாரி. மேசைக்குப் பின்னாலை மூச்சுக் கேக்கோணும் எல்லே? அப்பத்தானே அவருக்கு எங்கை முகம் குடுக்கிறதெண்டு தெரியும்?"

ஆடு என்னைப் பார்த்து அசை போட்டது. அண்ணை வந்து, கயிற்றோரமாக நடந்து, ஆட்டுக்கு முன்னால் நின்று, இல்லாத பாஸ்போர்ட்டை நீட்டினார். ஆடு அவருடைய விரலை நக்கியது. "இண்டைக்கு விசா சரி," என்றார் அண்ணை. நான் சிரித்த சிரிப்பில் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

அதற்குப் பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். திருச்சிக்குப் போனால் துணியை விட்டுவிட்டுத் தூணைப் பார்த்தேன். கடைத் தரைக்கு வழுவழுப்பான ரைல்ஸ் பதித்திருந்ததால், கடை பூட்டுகிற நேரம் அக்கா அண்ணையைக் கூட்டி வந்து அதில் நடக்கப் பழக்கினார். மலசலகூடக் கதவையும் பார்த்து வந்தேன். கதவே இல்லை, வளைந்து போகிற சுவர்தான். அதைச் சொன்னபோது அக்கா இரண்டு கையையும் கூப்பி, "அப்பாடா!" என்றார்.

அப்படியே போயிருந்தால் நல்லது. ஒருமுறை நான் போய் இறங்கினால், பழைய கட்டடத்தைக் காணவில்லை. எங்களைக் கொண்டுபோய் விட்டது புதுக் கட்டடத்தில். அடேயப்பா! கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற கூரை. கோயிற் கோபுரத்துக்குப் பூசுகிற மாதிரி வண்ண வண்ணமாகத் தூண்கள், சுவர் நிறையச் சித்திரம், கண்ணாடி, ஓடுகிற படிகள். பழைய இடத்தில் இடித்துப் பிடித்து நின்ற சனம் இங்கே சிந்தின பயறு மாதிரித் தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு பார்த்தவன், திடீரென்று அந்தப் பின்முற்றத்தை நினைத்தேன். அங்கே கட்டிய கயிறெல்லாம் வீண்.

வந்து சொன்னேன். அக்கா கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி!

"பழசுக்கு என்ன குறை? நல்லாய்த்தானே இருந்தது? ஆரைக் கேட்டுக் கட்டினவை? கண்டறியாத தூணும் கண்டறியாத சித்திரமும்! நீரெல்லாம் போய்ப் போய் வந்தபடியாலைதான் அவை பெரிசாக் கட்டிப்போட்டினம்!"

நான் செங்கல் சுமந்தவன் மாதிரித் தலை குனிந்து நின்றேன். அண்ணை சிரித்துக்கொண்டு, "சரி, கயிறை அவிழும். திரும்பக் கட்டுவம்," என்றார்.

முற்றம் மாறியது. உரல் மறுபக்கம் போனது. ஆட்டுக்கும் இடமாற்றம். அக்காவின் கேள்விகளும் மாறத் தொடங்கின. கூரை உயரம் எண்டால் கதைச்சாப் பிறகு சத்தம் திரும்பி வருமோ என்று கேட்டது அண்ணைக்காக. அது விளங்கியது. ஆனால் தூண் என்ன நிறம்? சித்திரத்திலை பெண்டுகளும் இருக்கினமோ, என்ன செய்துகொண்டு இருக்கினம்? ஓடுற படியிலை ஏறி நிண்டால் வயித்துக்கை கூசுமோ? கண்ணாடிக்குள்ளாலை பிளேன் கிட்டத் தெரியுமோ?

"அக்கா, தூணின்ரை நிறம் அண்ணைக்கு எதுக்கு?"

அக்கா குடையைத் தரையில் குத்திக்கொண்டு எங்கோ பார்த்தார். கன்னம் சிவந்துவிட்டது. "எனக்கு வேணும்," என்றார். "நான் இந்தத் தீவை விட்டுப் பண்ணைப் பாலத்துக்கு அங்காலை போனதெல்லாம் ஆசுப்பத்திரிக்குத்தான். அவர் நடக்கிறதைப் பாத்துக்கொண்டு வரேக்கை எனக்கு மற்றதொண்டையும் பாக்க ஏலாது. அதுதான் முதலே கேட்டு வைக்கிறன்."

அதற்குப் பிறகு தூண்களை நான் படம் எடுத்து வந்து காட்டினேன். அக்கா போனை மூக்கோடு வைத்து, பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் விடத் தொடங்கிய பிறகு, கொழும்புக்குப் போய் அலைகிற வேலை இல்லாமற் போனது. மகனும் விடுமுறை எடுத்துவிட்டான். அவன் முன்னதாகவே வந்து இறங்கி, வெளியே வந்து நிற்பதாக ஏற்பாடு. அக்கா போனில் அவனுக்குப் பாடம் நடத்தினார். "வெளிக்கதவாலை வந்தவுடனை கம்பி ஒண்டு போகுதாம். அது முடியிற இடத்திலை நில். அசையாதை. அப்பாவைக் கண்டவுடனை 'அப்பா' எண்டு பலத்துக் கூப்பிடு. என்ன சொன்னனான்? திருப்பிச் சொல்லு." ஏனென்று அவன் கேட்கவில்லை. தாயைத் தெரிந்தவன்.

நானும் அதே விமானத்தில்தான் துணி எடுக்கப் போனேன். அதாவது, துணி எடுக்கவென்று சொல்லிக்கொண்டு போனேன். சக்கர நாற்காலி கேட்டால் ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள் அண்ணை, என்று கடைசியாக ஒருக்கால் வாய்விட்டேன். "செத்தாப் பிறகு தூக்குங்கோ," என்றார். விமானம் ஏறுமுன் அக்காவிடம் ஒரு வாக்கும் வாங்கினார். "உள்ளுக்கை நீர் எவ்வளவும் கேளும். வெளிக்கதவு தாண்டினாப் பிறகு வாயே திறக்கக்கூடாது. அவன் கூப்பிடுவான், நான் போவன்."

திருச்சியில் இறங்கியதும் முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. கொழும்பிலிருந்து வருகிற பெரிய விமானம் குழாய் மாதிரி ஒரு நடையோடு வந்து ஒட்டும். அதைத்தான் நான் சொல்லியிருந்தேன். இது விசிறி வைத்த சின்ன விமானம். தூரத்தில் நின்றது. படியால் இறங்கி, பஸ்சில் ஏறி, வேறொரு வாசலால் போகவேண்டும்.

"நீர் குழாய் எண்டெல்லே சொன்னனீர்?" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

ஆனால் அக்கா அந்த மூச்சிலேயே தொடங்கிவிட்டார். "ஏன் தம்பி, உந்தப் படி இவ்வளவு செங்குத்தாய் இருக்கு? கைபிடி ரெண்டு பக்கமும் இருக்குத்தானே?" அண்ணை இறங்கினார். "பஸ்சுக்கு ஒரு படிதானோ?" ஏறினார். "கண்ணாடிக் கதவு தானாய்த் திறக்குதே, என்ன புதினம்?" நுழைந்தார். உள்ளே குளிரும் வழுக்குத் தரையும் வந்ததும் அண்ணையின் முதுகு நிமிர்ந்தது. அது அவருடைய பின்முற்றம். வரிசை நாடாவில் கை வைத்தும் வைக்காமலும் நடந்தார். மேசைக்கு முன்னால் மூச்சுக் கேட்டு முகம் கொடுத்தார். "கேமராவைப் பாருங்க ஐயா," என்றார் அதிகாரி. அது எங்கள் முற்றத்தில் இருக்கவில்லை. அக்கா பின்னாலிருந்து எட்டி, ஒரு விரலால் அவருடைய நாடியைத் திருப்பிவிட்டார். அதிகாரி நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தார். முத்திரையை எடுத்துக் குத்தினார்.

பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தேன். அக்கா தூணையும் பார்க்கவில்லை, சித்திரத்தையும் பார்க்கவில்லை. அண்ணையின் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெளிக்கதவு திறந்தது. வெக்கை வந்து முகத்தில் அடித்தது. அண்ணை ஒரு கணம் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு தனியே நடக்கத் தொடங்கினார். நானும் அக்காவும் பின்னால் நின்றோம்.

கம்பி முடிகிற இடத்தில் மகன் நின்றான். சொன்ன இடத்தில், சொன்னபடியே, அசையாமல். பெரிய மனிதனாகியிருந்தான், முன்னந்தலையில் மயிர் இல்லை. தகப்பன் தலை நிமிர்த்தித் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறந்தது. திறந்தபடியே கிடந்தது. கண்ணால் ஒழுகுகிறது, தொண்டையால் ஒரு சத்தம் வரவில்லை.

'கூப்பிடடா, கூப்பிடடா' என்று எனக்குள் கத்தினேன். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. வாக்குக் கொடுத்த மனிசி. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்டவர், அந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணை கம்பியின் முடிவுக்கு வந்தார். காதைச் சரித்துக் கேட்டார். வாடகைக் காரோட்டிகள் கூப்பிடுகிற சத்தம்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் நிற்கிறானாக்கும் என்று நினைத்தாரோ, அடி எடுத்து வைத்தார். அவருடைய தோள் மகனின் தோளில் இடித்தது.

"கவனிக்கேல்லை. குறை நினையாதையும் தம்பி," என்று சொல்லிவிட்டு, அவனைத் தாண்டி நடந்தார்.

அந்தப் பெடியனின் முகத்தை நான் என் சீவியத்தில் மறக்கமாட்டேன். தகப்பன் கோபத்தில் போகிறார் என்றுதான் முதலில் நினைத்திருப்பான். திரும்பித் தாயைப் பார்த்தான். தாய் வாய் திறக்கவில்லை. திரும்பவும் தகப்பனைப் பார்த்தான். அவர் ஒரு கையை முன்னுக்கு, கொஞ்சமாக, இடுப்பளவில் நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். விளங்கிவிட்டது.

"அப்பா!" ஒரு குழந்தைப்பிள்ளை குழறுகிற சத்தம் அது.

அண்ணை நின்றார். திரும்பினார், கொஞ்சம் பிழையான பக்கமாக.

"எங்கையடா நிக்கிறாய்?" என்று கேட்டார். பிறகு, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "கதைச்சுக்கொண்டு கிட்ட வா, ராசா. எனக்குக் கண் தெரியாது," என்றார்.

அவன் ஓடிப்போனான். அவர் அவனுடைய கையைத் தடவிப் பிடித்து, தோளைப் பிடித்து, தலையைத் தடவினார். "எங்கையடா மயிர்?" என்றார். இரண்டு பேரும் அழுகிறார்களா, சிரிக்கிறார்களா தெரியவில்லை. பிறகு இத்தனை காலம் ஒருத்தருக்கும் கை கொடாத மனிதர், மகனுடைய கையைத் தன் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். கதைத்துக்கொண்டே இரண்டு பேரும் நடக்கத் தொடங்கினார்கள். எங்களை மறந்தே போனார்கள்.

அக்கா என் மணிக்கட்டை விட்டார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் ஓடுகிற கார்களையும் சனத்தையும் வெயிலையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி," என்றார். "இந்த இடம் வரைக்கும்தான் நான் எல்லாரிட்டையும் கேட்டு வைச்சனான். இதுக்கங்காலை என்ன இருக்கெண்டு ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. இனி எந்தப் பக்கத்தாலை போறது?"

"அவை போற பக்கத்தாலை போங்கோ அக்கா," என்றேன்.